'கெட்' ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லை

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துதான். ஜி, ஈ, டி. 'கெட்'. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் யாரும் இதை ஒரு சொல்லாகக்கூட நினைப்பதில்லை. மூச்சு விடுவது போல வாயில் வந்து போகும். ஆனால் போலந்தில் ஆங்கிலம் படிக்கிற ஒரு மாணவரிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முகமே மாறிவிடும். அவருடைய நோட்டில் இதற்கென்று ஒரு தனிப் பக்கமே இருக்கும். இடது பக்கம் 'கெட்' என்று ஒரே ஒரு சொல். வலது பக்கம் போலிஷ் மொழியில் வரிசையாக: பெறு, வாங்கு, போய்ச் சேர், ஆகு, புரிந்துகொள், கொண்டு வா, பிடி, சம்மதிக்க வை... இடம் போதாமல் ஓரத்திலும் நெருக்கி எழுதியிருப்பார்.

இந்தப் பக்கம்தான் பிரச்சினையே. 'கெட்' என்ற சொல்லில் கஷ்டம் இருப்பதைவிட, அதைப் பட்டியலாக்கிக் கற்றுக் கொடுக்கும் முறையில்தான் கஷ்டம் அதிகம். பட்டியலை மனப்பாடம் செய்தவர் பரிட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்பிவிடுவார். வாயைத் திறந்து பேச வேண்டிய இடத்தில் மட்டும் 'கெட்' வரவே வராது. அதற்குப் பதிலாக 'ரிசீவ்', 'அப்டெய்ன்', 'பிகம்', 'அரைவ்', 'பர்ச்சேஸ்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கனமான சொல் வந்து விழும். இலக்கணப்படி எல்லாம் சரி. கேட்கிறவருக்கோ ஏதோ அரசாங்க அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக் காட்டுவது போல இருக்கும்.

இது சும்மா வகுப்பறை வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது. 1989 வரை போலந்துப் பள்ளிகளில் கட்டாயமாக இருந்த அந்நிய மொழி ரஷ்யன். அந்த வருடம் ஆட்சி மாறியதும் கட்டாயம் போனது, ஆங்கிலம் உள்ளே வந்தது. 2004 மே 1ம் தேதி போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, முதல் நாளிலிருந்தே வேலைச் சந்தையைத் திறந்துவிட்ட பழைய உறுப்பு நாடுகள் மூன்றுதான்: பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன். அதில் இரண்டு ஆங்கிலம் பேசும் நாடுகள்! கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 5 லட்சத்து 46 ஆயிரம் பேர் தங்கள் முதன்மை மொழி போலிஷ் என்று பதிந்தார்கள். 2021ல் அது 6 லட்சத்து 12 ஆயிரம். அயர்லாந்தில் 2011ல் போலந்துக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும் 1 லட்சத்து 22 ஆயிரத்துக்கு மேல். பிரிட்டனுக்குத் தடையில்லாமல் போய்வரும் உரிமை 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது. போய் நிலைத்துவிட்டவர்களுக்கு ஆங்கிலம் முடியவில்லை. கிடங்கில் மேஸ்திரி சொல்வது, முதியோர் இல்லத்தில் பாட்டி கேட்பது, பிள்ளையின் பள்ளியிலிருந்து போன் வருவது என்று எல்லாவற்றிலும் வரிக்கு ஒரு 'கெட்' இருக்கும்.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் கொண்டு வந்தது. பழைய நார்ஸ் மொழியில் 'கெட்டா'. பழைய ஆங்கிலத்தில் இதன் உறவுச்சொல் தனியாக நிற்காமல் முன்னால் ஒட்டு சேர்ந்துதான் வரும். மறத்தலைக் குறிக்கும் 'ஃபர்கெட்' அப்படி மிஞ்சியது. இன்னும் பின்னால் போனால் 'கைப்பற்று, பிடி' என்ற பொருளுள்ள ஒரு வேர். அதே வேரிலிருந்துதான் லத்தீன் வழியாக 'காம்ப்ரிஹெண்ட்' என்ற பெரிய மனிதர் சொல்லும் வந்திருக்கிறது. ஆகவே 'ஐ கெட் இட்' என்று சொல்லும் பையனும் 'ஐ காம்ப்ரிஹெண்ட்' என்று சொல்லும் பேராசிரியரும் ஒரே வேரைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள். தமிழில் 'இப்பத்தான் பிடிபட்டது' என்கிறோமே, அதே கதைதான். போலிஷிலும் புரிந்துகொள்வதற்கு உள்ள ஒரு சொல் பழைய 'எடு, பற்று' என்ற வேரிலிருந்து வந்ததே. ஆக 'வாங்கு'வதும் 'புரிந்துகொள்'வதும் எப்படி ஒரே சொல்லில் வரும் என்று போலந்து மாணவர் திகைக்கத் தேவையில்லை. அவருடைய மொழியே அதைச் செய்திருக்கிறது. யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உண்மையான கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. போலிஷ் எதையும் விளக்கமாகச் சொல்ல விரும்புகிற மொழி. 'ஐ காட் ஹோம் அட் டென்' என்று ஒரு வெள்ளைக்காரர் சொல்கிறார். பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தார், முடிந்தது. இதைப் போலிஷில் சொல்லப் போனால் முதலில் ஒரு கேள்வி எழும்: எப்படி வந்து சேர்ந்தார்? நடந்து வந்திருந்தால் 'தொய்ஷ்ச்'. வண்டியில் என்றால் 'தொயெஹாச்'. விமானத்துக்கு ஒரு சொல், படகுக்கு ஒரு சொல். பொதுவாகச் 'சென்றடை' என்று சொல்ல ஒரு வினை இல்லாமல் இல்லை. ஆனால் அதில் சிரமப்பட்டுப் போய்ச் சேர்ந்த வாசனை கொஞ்சம் இருக்கிறது, தினசரிப் பேச்சில் முதலில் வாயில் வருவது அதுவல்ல. ஆக போலந்து மாணவர் ஆங்கில வாக்கியத்தைக் கேட்டதும் அவர் மனம் தன்னையறியாமல் அந்தக் காணாத தகவலைத் தேடுகிறது. நடந்தாரா, பஸ்ஸிலா? 'கெட்' பதில் சொல்லாது. அதற்கு அக்கறையே இல்லை.

கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அவனும் 'கெட் மேரீட்', அவளும் 'கெட் மேரீட்', இருவரும் சேர்ந்தாலும் 'கெட் மேரீட்'. போலிஷில் மூன்றும் மூன்று விதம். ஆண் மணந்தால் மனைவியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த ஒரு வினை. பெண் மணந்தால் 'கணவன் பின்னே புறப்பட்டாள்' என்கிற மாதிரி ஒரு தொடர். இருவரையும் சேர்த்துச் சொன்னால் 'ஒருவரையொருவர் எடுத்துக்கொண்டார்கள்' என்று வேறொன்று. அவன் கட்டினான், அவள் வாழ்க்கைப்பட்டாள் என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. போலந்துப் பையன் ஆங்கிலம் பேசும்போது மட்டும் அந்த வேறுபாடு எங்கே போனது என்று தடுமாறுகிறான். எங்கேயும் போகவில்லை. ஆங்கிலம் அதைச் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டது.

இதைவிடச் சுவாரஸ்யம், பிறரை வேலை வாங்குவது. 'ஐ காட் ஹிம் டு கம்' என்றால் அவனை வரவழைத்தேன் என்று அர்த்தம். எப்படி வரவழைத்தார்? கெஞ்சியா, ஆசை காட்டியா, அதட்டியா? போலிஷில் பேசிச் சம்மதிக்க வைத்தால் 'நமூவிச்', கட்டளையிட்டால் 'கஸாச்'. இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டிய நெருக்கடி வரும். ஆங்கிலத்தில் 'காட்' என்று சொல்லி நழுவிவிடலாம். ஒரு மேலாளருக்கு இது எவ்வளவு வசதியான சொல் என்று யோசித்துப் பாருங்கள்! ஞாயிற்றுக்கிழமை ஆட்களை வேலைக்கு வர வைத்தார். மிரட்டினாரா, கெஞ்சினாரா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை.

ஆகவே 'கெட்' பல அர்த்தமுள்ள சொல் என்பதைவிட, பல விஷயங்களைச் சொல்லாமல் விடுகிற சொல் என்பதுதான் பொருத்தம். ஒரு நிலைக்கு வந்து சேர்ந்தாயிற்று என்பதை மட்டும் அது சொல்லும். எந்த நிலை என்பதைப் பின்னால் வரும் சொல் சொல்லும். எப்படி, யாரால், எவ்வளவு கஷ்டப்பட்டு என்பதெல்லாம் சூழ்நிலைக்கு விட்டது. போலிஷ் வினையோ தன் முன்னொட்டிலேயே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மழையில் நனைந்து போவதற்கு 'ஸ்மொக்னொன்ச்' என்று ஒரே சொல். பசி எடுப்பதற்கு ஒரே சொல். வழி தவறுவதற்கு, உடம்பு குணமாவதற்கு, வயதாவதற்கு, கோபம் வருவதற்கு எல்லாம் தனித்தனியாக ஒவ்வொரு வினை. ஆங்கிலத்தில் இவை 'கெட் வெட்', 'கெட் ஹங்ரி', 'கெட் லாஸ்ட்', 'கெட் வெல்', 'கெட் ஓல்ட்', 'கெட் ஆங்ரி'. முன்னால் நிற்பது ஒரே ஆள். பின்னால் வருவதுதான் மாறுகிறது.

அகராதிக்காரர்கள் அர்த்தங்களை எண்ணட்டும், அது அவர்கள் தொழில். 1989ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு 430 பொருள் கொடுத்தார்கள் என்பது வினாடிவினாக்களில் அடிக்கடி வரும் செய்தி. 'செட்' படிக்கிற எந்தக் குழந்தையும் அந்த 430ஐ மனப்பாடம் செய்து பேச ஆரம்பிப்பதில்லை. போலந்தில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய ஸ்தானிஸ்வாவ்ஸ்கியின் பெரிய ஆங்கில-போலிஷ் அகராதி 1964ல் வந்தது. அது வாசிக்கிறவருக்கு உதவும் நூல்; ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டால் திறந்து பார்க்கலாம். அதே அமைப்பை அப்படியே பாடமாக எடுத்து மாணவர் தலையில் ஏற்றுவதுதான் தவறு. அகராதி முன்னால் சொல்லை வைத்துப் பின்னால் பொருளைத் தேடுகிறது. பேசுகிறவர் மனதில் பொருள் முதலில் வருகிறது, சொல்லைத்தான் அவர் தேடுகிறார். திசையே எதிர்.

அப்படியானால் எப்படிச் சொல்லிக் கொடுப்பது? ஆங்கிலத்தில் 'ஹாவ்', 'பி' என்று இரண்டு அடிப்படை வினைகள் உண்டு. ஒன்று வைத்திருப்பதைச் சொல்லும், மற்றொன்று இருப்பதைச் சொல்லும். இரண்டும் அசையாத நிலைகள். அந்த நிலைக்குள் காலெடுத்து வைக்கும் கணம்தான் 'கெட்'. 'ஐ ஹாவ் எ ஜாப்', வேலை இருக்கிறது. 'ஐ காட் எ ஜாப்', வேலை கிடைத்தது. 'ஐ ஆம் வெட்', நனைந்திருக்கிறேன். 'ஐ காட் வெட்', நனைந்துவிட்டேன். 'ஐ ஆம் ஹோம்', வீட்டில் இருக்கிறேன். 'ஐ காட் ஹோம்', வீடு வந்து சேர்ந்தேன். 'ஐ ஆம் யூஸ்ட் டு இட்', எனக்கு அது பழக்கம்; 'ஐ காட் யூஸ்ட் டு இட்', பழகிக்கொண்டேன். கல்யாணமும் அப்படித்தான்: ஒன்று கல்யாணம் ஆனவர், இன்னொன்று கல்யாணம் ஆன நாள். பட்டியலில் பத்துப் பதினைந்து வரியாகக் கிடந்தவை ஒரே வரிக்குள் வந்துவிடுகின்றன பாருங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உலகத்திலேயே இந்த வேறுபாடு சட்டென்று புரியக்கூடியவர்களில் போலந்துக்காரர்களும் உண்டு. போலிஷில் பெரும்பாலான வினைகள் இரட்டையாக வரும்: நடந்துகொண்டிருப்பதற்கு ஒன்று, நடந்து முடிந்ததற்கு ஒன்று. 'பழகிக்கொண்டிருக்கிறேன்', 'பழகிவிட்டேன்' இரண்டுக்கும் வினையே வேறு. மூன்று வயதுக் குழந்தை இதைப் பிசகாமல் பேசும். நிலைக்கும் மாற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதிலேயே வைத்திருக்கிற ஒரு கூட்டத்துக்கு, நிலையிலிருந்து மாற்றத்தைப் பிரித்துக் காட்டும் ஒரு சொல்லைக் கற்றுக்கொடுக்க இருபது வரிப் பட்டியல் எதற்கு? கையில் வெண்ணெய் இருக்கிறது, நெய்க்கு அலைகிறார்கள்.

அடுத்தது இந்த 'ரிசீவ்' விவகாரம். போலந்தில் பள்ளி இறுதித் தேர்வுக்கு 'மத்தூரா' என்று பெயர். அதில் அந்நிய மொழி கட்டாயம். அதிகம் பேர் எடுப்பது ஆங்கிலம்தான். உயர்நிலைத் தாளில் கட்டுரை, முறைசார்ந்த கடிதம் என்று எழுத வேண்டி வரும். அங்கே 'கெட்' போட்டால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார், 'இன்னும் நல்ல சொல்' என்று ஓரத்தில் எழுதுவார். கடிதத்துக்கு அது சரிதான். வேலைக்கு மனுப் போடும்போது 'ஐ காட் யுவர் லெட்டர்' என்று தொடங்கினால் நன்றாக இருக்காது. ஆனால் மாணவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு: 'கெட்' சோம்பேறிகளின் சொல், படித்தவர்கள் சொல்லக்கூடாது. அந்தப் பாடத்தோடு அவர் லீட்ஸிலோ கார்க்கிலோ போய் இறங்குகிறார். பக்கத்து வீட்டுக்காரரிடம் 'ஐ ஹாவ் ரிசீவ்ட் எ கோல்ட்' என்கிறார். ஜலதோஷம் என்ன பதிவுத் தபாலிலா வந்தது?

இத்தனைக்கும் இந்த நாசூக்கு போலிஷிலேயே அப்படியே இருக்கிறது! சாதாரணமாகக் கடிதம் வந்தால் 'தொஸ்தாச்'. அலுவலகத்துக்குப் பதில் எழுதும்போது, 'தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றேன்' என்கிற தோரணையில் 'ஒத்ஷிமாச்'. ஒரு போலந்துக்காரர் தன் அம்மாவிடம் போனில் 'ஒத்ஷிமாச்' போட்டுப் பேசினால் அம்மா சிரித்துவிடுவார். 'கெட்' என்பது அந்தத் 'தொஸ்தாச்', 'ரிசீவ்' என்பது அந்த 'ஒத்ஷிமாச்' என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். எங்கே எதைப் போடுவது என்று பிறகு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஜலதோஷத்துக்கும் வேலை கிடைப்பதற்கும் கல்லூரியில் இடம் கிடைப்பதற்கும் முகத்தில் அறை வாங்குவதற்கும் போலிஷில் வருவது இந்த 'தொஸ்தாச்' குடும்பம்தான். ஆங்கிலத்திலும் இவை எல்லாவற்றுக்கும் 'கெட்' பொருந்தும். நேர்வழி திறந்து கிடக்கிறது. பள்ளிக்கூடம்தான் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

'தொஸ்தாச்' பற்றி இன்னொன்று சொல்லியே ஆகவேண்டும். கம்யூனிஸ்ட் காலத்தில் கடைகளில் சரக்கு இருக்காது. 1976ல் சர்க்கரைக்குக் கூப்பன், 1981ல் இறைச்சிக்குக் கார்டு. அந்த இறைச்சிக் கார்டு 1989 வரை ஓடியது. அந்தக் காலத்தில் காசு கொடுத்து வாங்கிய பொருளைக்கூட 'வாங்கினேன்' என்று சொல்வது குறைவு. 'தொஸ்தாச்', அதாவது கிடைத்தது என்பார்கள். தெருவில் ஒரு பெண் கையில் டாய்லெட் பேப்பர் சுருள்களைக் கயிற்றில் கோத்து மாலை போலப் போட்டுக்கொண்டு போனால், எங்கே கிடைத்தது என்றுதான் கேள்வி. காசு யாரிடமும் இருந்தது, பொருள்தான் இல்லை. வாங்குவதையும் பெறுவதையும் அதிர்ஷ்டத்தையும் ஒரே சொல்லில் அடக்கத் தெரிந்த தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கா 'கெட்' புரியாது?

காதில் விழுவதும் ஒரு சிக்கல். பேசும்போது 'கெட்'டில் அழுத்தம் விழாது. அடுத்து வரும் சொல்லில்தான் விழும். போலந்து மாணவரோ வினைச்சொல் வந்ததும் காதைத் தீட்டிக்கொண்டு அதிலேயே நின்றுவிடுகிறார், ஏனென்றால் அவர் மொழியில் செய்தி அங்கேதான் இருக்கும். 'கெட்'டுக்கு அர்த்தம் தேடி முடிப்பதற்குள் 'ரிட் ஆஃப் தோஸ் பாக்ஸஸ்' போய்விட்டது. பெட்டிகளைத் தூக்கி எறியச் சொன்னாரா, எடுத்து வரச் சொன்னாரா? இரண்டுக்கும் தொடக்கம் 'கெட்'தான். கிடங்கு வேலையில் இந்த இரண்டும் மாறிப்போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

'ஐ ஹாவ் காட்' என்ற வடிவத்தைப் பார்த்ததும் சிலர் இந்த விதி உடைந்துவிட்டது என்பார்கள். 'ஐ ஹாவ் காட் எ கார்' என்றால் கார் இருக்கிறது என்றுதானே அர்த்தம், மாற்றம் எங்கே? அமைப்பைப் பாருங்கள்: பெற்றாயிற்று, ஆகவே இருக்கிறது. மாற்றம் முடிந்துபோய் நிலையாக உறைந்துவிட்ட வடிவம் அது. அமெரிக்கர்கள் இங்கே இன்னும் தெளிவு. புதிதாகக் கிடைத்ததற்கு 'காட்டன்', சும்மா வைத்திருப்பதற்கு 'காட்' என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் பாடப்புத்தகங்களை வைத்துப் படித்தவர் அமெரிக்கப் படங்களில் 'காட்டன்' கேட்டுக் குழம்புவது உண்டு. அது தவறான ஆங்கிலம் இல்லை. பழைய வடிவம், அவ்வளவே.

முடி வெட்டும் கதையையும் விட முடியாது. போலிஷில் 'முடியை வெட்டினேன்' என்று சொன்னால் சலூனுக்குப் போய் வந்ததாகவே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். தமிழில் 'முடி வெட்டிக்கொண்டேன்' என்பது போல. அதையே ஆங்கிலத்தில் 'ஐ கட் மை ஹேர்' என்று போட்டால், கண்ணாடி முன்னால் கத்திரிக்கோலோடு நின்ற காட்சிதான் கேட்பவர் மனதில் வரும். 'ஐ காட் மை ஹேர் கட்' என்றால்தான் வெட்டியவர் வேறு ஆள். கார் பழுது பார்ப்பது, பல் பிடுங்குவது எல்லாம் இதே கதை. பல்லை மட்டுமாவது யோசித்துச் சொல்வது நல்லது!

வேலை போவதிலும் ஒரு ருசி இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஹி காட் ஃபயர்ட்'. அதிகாரபூர்வமாகச் சொல்வதென்றால் 'ஹி வாஸ் டிஸ்மிஸ்ட்'. போலிஷ் பேச்சுவழக்கில் இப்படிப்பட்ட இடத்தில் யார் செய்தது என்று சொல்லாமல் 'அவனை ஊற்றிவிட்டார்கள்' என்பார்கள், வாளித் தண்ணீரை ஊற்றுவது போல. அல்லது அவன் வேலையிலிருந்து 'பறந்து வெளியே போனான்'. 'காட்' வருகிற செயப்பாட்டு வாக்கியத்தில் பெரும்பாலும் இப்படி ஒரு சங்கடமான வாசனை இருக்கும்: அடி வாங்கினான், மாட்டிக்கொண்டான், வேலை போயிற்று. அந்த வாசனைக்குச் சமமானது எது என்று தேடினால் போலிஷின் பேச்சு மொழியில்தான் அகப்படும், பாடப்புத்தகப் போலிஷில் அகப்படாது.

எல்லாம் ஒரே விதிக்குள் அடங்கிவிடும் என்று சொன்னால் அது பொய். 'கெட் தி டோர்' என்றால் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், போய்த் திற என்று அர்த்தம். கதவைக் கழற்றிக்கொண்டு வா என்றல்ல. 'ஐ வில் கெட் திஸ்' என்று ஓட்டலில் ஒருவர் சொன்னால் பில்லை அவர் கொடுக்கிறார். 'கெட் அவே வித் இட்' என்றால் தப்பு செய்து மாட்டாமல் தப்பித்தல். இவற்றை அப்படியே கற்றுக்கொள்வதைத் தவிர வழியில்லை. பஸ்ஸில் ஏறுவது 'கெட் ஆன்', காரில் ஏறுவது 'கெட் இன்'. போலிஷில் இரண்டுக்கும் 'உள்ளே' என்கிற ஒரே உருபுதான், அதனால் அவர்கள் பஸ்ஸுக்குள்ளும் 'கெட் இன்டு' என்று நுழைவார்கள். யாரும் தவறாகப் புரிந்துகொள்ளப் போவதில்லை, விட்டுவிடலாம். கடைசியில் மனப்பாடம் செய்ய மிஞ்சுவது ஒரு கைப்பிடி. மனப்பாடச் சக்தியை முதல் நாளிலேயே இருபது வரிப் பட்டியலில் செலவழித்தவருக்கு இந்தக் கைப்பிடிக்கு இடமிருக்காது. தப்பித்த விஷயத்தைப் போலிஷில் எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? 'அவனுக்கு அது வெந்துவிட்டது'! அடுப்பில் ரொட்டி வேகுமே, அதே வினை. இதையும் ஒருநாள் யாரோ சிறுவயதில் அப்படியே கேட்டுப் பிடித்துக்கொண்டதுதான்.

ஆங்கிலத்தைக் குறை சொல்லும் போலந்துக்காரர்களுக்கு ஒரு சின்னப் பதில் கேள்வியும் உண்டு. அவர்கள் மொழியில் 'ஸ்தாச்' என்று ஒரு வினை, நிற்பது என்று அர்த்தம். முன்னால் 'தொ' சேர்த்தால் பெறுவது. 'ஸொ' சேர்த்தால் ஒன்றாக ஆவது, அல்லது அங்கேயே தங்கிவிடுவது, இரண்டும்! மருத்துவர் ஆனாள் என்பதற்கும் வீட்டிலேயே தங்கினாள் என்பதற்கும் ஒரே 'ஸொஸ்தாச்'. முன்னொட்டு மாறினால் எழுந்திருப்பது, இன்னொன்று மாறினால் நிறுத்திவிடுவது, வேறொன்று வந்தால் உருவாவது. முன்னொட்டே இல்லாமல் 'என்னால் இதற்குச் செலவழிக்க முடியும்' என்பதற்கும் இதே 'ஸ்தாச்'. வார்சாவில் போலிஷ் படிக்க வரும் ஆங்கிலேயர் ஒருவரும் தன் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, இடது பக்கம் ஒரே சொல்லும் வலது பக்கம் நெருக்கி நெருக்கி இருபது சொல்லும் எழுதி வைத்துக்கொண்டு தலையைச் சொறிகிறார். மதுக்கடையில் நண்பர் 'இன்று என் செலவு' என்று சொல்லும்போது வருவதும் அந்தக் குடும்பத்துச் சொல்தான்: 'ஸ்தவியம்', நிறுத்துகிறேன், நிற்க வைக்கிறேன். கோப்பையை மேசையில் நிற்க வைப்பது! 'ஐ வில் கெட் திஸ்' என்று ஆங்கிலேயர் சொல்வதும் இதையேதான். இந்த இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டால் இரண்டு நோட்டுப் பக்கங்களையும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். பில்லை யார் கொடுப்பது என்பதில்தான் தகராறு வரும்.